அக்காவின் பேன்ட் பையில் ஒரு பொத்தான்

என் அக்கா பஸ்ஸில் போகும்போதுகூட வலது காலால் பிரேக் போடுவாள். அங்கே பிரேக் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்து மூன்று வருடமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவளின் காலுக்குத்தான் தெரியாது. பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத் தனியாக ஒரு பிரேக். அவர் சரியான நேரத்தில் மிதித்தாலும் இவளும் மிதிப்பாள். "நான் மிதிச்சேனே மேடம்" என்று அவர் பாவமாகச் சொன்னால், "தெரியும், நானும் மிதிச்சேன்" என்பாள். அந்த ஒரு பதிலிலேயே என் அக்காவின் வாழ்க்கை வரலாறு அடங்கிவிடும். இருந்தாலும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு, மார்தட்டிக்கொள்ளும்படியான பங்கு இல்லை என்றாலும்.

நானும் லேசுப்பட்டவன் அல்ல. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். ஒரு திருமண அழைப்பிதழை ஏழு முறை படித்துவிட்டு, எட்டாவது முறையாக மாப்பிள்ளையின் பெயரைச் சரிபார்க்க மாப்பிள்ளைக்கே போன் போட்டவன். அவர் பயந்துபோய்விட்டார். கல்யாணம் நின்றுவிட்டதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாராம்.

இப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே அக்காவும் மாமாவும், மாடியில் நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை. சாப்பாடு கீழேதான். மாடிப்படியில் ஒரு விளக்கு. அதற்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச். காலையில் நான் இறங்கும்போது மேல் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டு வருவேன். நான் மறந்திருப்பேன் என்று அக்கா கீழ் சுவிட்சைத் தட்டுவாள். விளக்கு மறுபடி எரியும். நாங்கள் இருவரும் நிம்மதியாக வேலைக்குப் போய்விடுவோம். சாயங்காலம்வரை அது யாருக்காகவோ எரிந்துகொண்டிருக்கும்.

சமையலறையிலும் இதே கூத்துதான். அக்கா அடுப்பில் சூப் வைப்பாள். நான் அந்தப் பக்கம் போகும்போது, அவசரத்தில் உப்பை மறந்திருப்பாள் என்று ஒரு கரண்டி போடுவேன். நான் போட்டிருக்க மாட்டேன் என்று அவளும் போடுவாள். கல்யாணமான முதல் வாரத்திலேயே மாமா இதைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றே தன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கெட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டார். அந்தக் கெட்டில் இன்றும் இருக்கிறது.

மாமா சலவைக் கடையில் வேலை பார்க்கிறார். கோட்டு, சூட்டு, பட்டுத்துணி என்று உலர்சலவைக்கு வருவதெல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குள் போகும். எந்தத் துணி கையில் வந்தாலும் முதலில் பைகளைத் துழாவ வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். ஒரு பேனா இயந்திரத்துக்குள் போனால் பன்னிரண்டு சட்டை போச்சு. அதனால் மாமாவின் கை வீட்டிலும் சும்மா இருக்காது. கதவில் தொங்கும் சட்டையைக் கடந்து போனால்கூட அதன் பைக்குள் விரல் போய்விட்டுத்தான் வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வாரநாட்களில் ஓட்டுநர் பயிற்சியாளர், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடைப்பந்து நடுவர். இளவயதில் நன்றாக ஆடியவள். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த வருடம் விசிலைக் கையில் எடுத்தாள். அவள் நடுவரான இரண்டாவது வாரமே என்னை இழுத்துக்கொண்டுபோய் மைதானத்து மேசையில் உட்கார வைத்தாள். எனக்கு விளையாட வராது. ஆனால் உட்கார நன்றாக வரும். மேசையில் ஒருவர் கடிகாரம் பார்ப்பார், ஒருவர் புள்ளி எழுதுவார். புள்ளி எழுதுவது நான். எழுதுகிறவனுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அதுதான் அம்பு.

அம்பு என்றால் ஒன்றுமில்லை. கை நீளத்தில் ஒரு மரப்பட்டை, ஒரு முனை கூர், சிவப்புப் பெயின்ட், நடுவில் ஒரு ஆணி. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும். ஆட்டத்தில் இரண்டு பேர் ஒரே பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று தரையில் உருளுவார்கள். நடுவர் விசில் ஊதுவார். இப்போது பந்து யாருக்கு? சண்டை வேண்டாம், ஒரு முறை உனக்கு, அடுத்த முறை அவனுக்கு என்பதுதான் விதி. அடுத்த முறை யாருடையதோ அந்த அணி எந்தக் கூடையை நோக்கி ஆடுகிறதோ அந்தப் பக்கம் அம்பு காட்ட வேண்டும். அவர்கள் பந்தை உள்ளே எறிந்ததும் நான் அம்பை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். குழந்தைகளுக்கு ஊஞ்சலில் முறை வைப்பது மாதிரிதான், அழுகிறவர்கள் மட்டும் ஆறடி உயரம்.

இதுவரை சுலபம். மனிதன் மண்ணைக் கவ்வுவது இடைவேளையில். பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறிக்கொள்ளும். ஒரு அணி எப்போதும் வெள்ளைச் சட்டை, மற்றது கலர் சட்டை. முறை மாறவில்லை, வெள்ளையின் முறை என்றால் இன்னும் வெள்ளையின் முறைதான். ஆனால் வெள்ளை இப்போது எதிர்க் கூடைக்கு ஆடும். ஆகவே இடைவேளையில் அம்பை ஒரே ஒரு தரம் திருப்பி வைக்க வேண்டும். இரண்டாம் பாதியின் முதல் பந்தும் அந்த அம்பு காட்டுகிற அணிக்குத்தான். திருப்ப வேண்டியது மேசையில் இருக்கிறவன். நடுவர் அதைத் தொடவே கூடாது.

அக்கா அம்பை மட்டும் நம்பி இருப்பவள் அல்ல. பயிற்சிக் காரின் இரண்டாவது பிரேக் மாதிரி அவளுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தாள். பழைய கோட்டிலிருந்து விழுந்த ஒரு பெரிய கறுப்புப் பொத்தான். அடுத்த முறை வெள்ளைக்கு என்றால் பொத்தான் பேன்ட்டின் இடது பையில், கலர் சட்டைக்காரர்களுக்கு என்றால் வலது பையில். முறை மாறும்போதெல்லாம் ஓடிக்கொண்டே பொத்தானைப் பை மாற்றிவிடுவாள். அணிகள் பக்கம் மாறினாலும் பை மாறாது. நல்ல ஏற்பாடுதான், வீட்டில் மாமா இல்லாமல் இருந்தால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியதும் அக்கா பையில் கைவிட்டாள், பொத்தான் இல்லை. அடுத்த பையில் விட்டாள், இல்லை. பின் பையைத் தடவினாள், இருந்தது. ஆனால் வரவில்லை. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. மாமா பையிலிருந்து பொத்தானைக் கண்டெடுத்து, அறுந்து விழுந்தது போலிருக்கிறது என்று பின் பையில் பொத்தான் இல்லாத இடமாகப் பார்த்து இரட்டை நூலில் தைத்துவிட்டிருந்தார். சாயங்காலம் வீட்டில் நடந்த பேச்சை நான் மாடியிலிருந்தே கேட்டேன். எந்தப் பையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம், பொத்தான் முக்கியமில்லை என்று அக்கா பத்து தடவை சொன்னாள். மாமா பத்து தடவையும் சரி என்றார். அவர் மனதில் அது எவ்வளவு ஆழமாக இறங்கியது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

ஐந்து வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அக்காவுக்கு மேல்நிலை நடுவராக வேண்டும் என்று ஆசை. அதற்கு ஒரு ஆட்டத்தை மேற்பார்வையாளர் வந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும். வந்தார். அன்று இடைவேளையில் நான் அம்பைத் திருப்ப மறந்துவிட்டேன். மெய்ப்புத் திருத்துகிறவன், மாப்பிள்ளைக்குப் போன் போட்டவன், மறந்துவிட்டேன். பந்து தவறான அணிக்குப் போனது, கூச்சல் எழுந்தது. பொத்தான் அப்போது கிடையாது. அதன் பிறகுதான் வந்தது. விளக்கம் கேட்டபோது, கவனிக்க வேண்டியது என் வேலை, என் தவறு என்று அக்கா எழுதிக் கொடுத்துவிட்டாள். மேசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வருடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. திட்டாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான் என்பதால் அது எனக்குள் முள்ளாக இருந்தது.

இந்த வருடம் மறுபடி வாய்ப்பு வந்தது. மேல்நிலைக்கு ஐம்பது வயதுக்குள் போக வேண்டும். அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயதும் எட்டு மாதமும். இதை விட்டால் இல்லை. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் சூப் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரித்தது.

ஞாயிறு காலை உள்ளரங்கத்தில் ஆட்டம். வெள்ளைக்கும் நீலத்துக்கும். மேற்பார்வைக்கு வந்தவர் ஒல்லியான மனிதர். கையில் ஒரு பென்சில், பின்னால் ரப்பர் வைத்தது. மேசைக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எழுதுவார், உடனே ரப்பரால் அழிப்பார். எழுதியதை விட்டுவிட்டு அழித்ததை மட்டும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மாமாவும் வந்திருந்தார். கையில் ஹேங்கரில் மாட்டி பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கறுப்பு பேன்ட். எதற்கு என்று கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். ஒவ்வொரு முக்கியமான ஆட்டத்துக்கும் அப்படி ஒன்றைக் கொண்டுவருவார். இருபது வருடத்தில் ஒரு முறைகூடத் தேவைப்பட்டதில்லை.

அன்று தேவைப்பட்டது. முதல் பாதி முடிய சில விநாடி இருக்கும்போது, நீல அணியின் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் மூடாமல் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் பந்து பட்டுப் பறந்து அக்காவின் இடுப்பிலிருந்து முழங்கால்வரை நனைத்துவிட்டது. முதல் பாதி முடிந்த சத்தம் கேட்டபோது மாமா ஹேங்கரோடு ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். அந்த முகத்தில் இருந்த பிரகாசத்தை அவர் கல்யாணப் புகைப்படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

வெள்ளை அணி முதல் பாதியில் வாசல் பக்கக் கூடைக்கு ஆடியது. முறை வெள்ளையுடையது, அம்பு வாசலைக் காட்டியது. இரண்டாம் பாதியில் அது எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம் மாட்டியிருக்கும் பக்கம் காட்ட வேண்டும். சத்தம் அடங்குவதற்குள் நான் அம்பைக் கடிகாரப் பக்கம் திருப்பினேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். பாத்ரூமுக்கும் போனேன், பதற்றத்தில் இரண்டு முறை.

அந்த நேரத்தில் நடந்ததைப் பிறகு அக்கா சொல்லித்தான் அறிந்தேன். உடை மாற்றும் அறையிலிருந்து புதுப் பேன்ட்டில் வெளியே வந்தவள், வழக்கப்படி பையில் கைவிட்டாள். காலி. பொத்தான் நனைந்த பேன்ட்டோடு மாமாவிடம் போய்விட்டது. மாமாவோ பேன்ட்டை வெயிலில் காயப்போட வெளியே போய்விட்டார். மேசையில் நானும் இல்லை, கடிகாரக்காரரும் இல்லை. அம்பு மட்டும் இருந்தது. முதலில் எந்தப் பக்கம் காட்டியது என்று அவளுக்குத் திட்டமாக நினைவில்லை. நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று, ஐந்து வருடத்துக்கு முன் தம்பி திருப்ப மறந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். சட்டென்று அம்பைத் திருப்பிவிட்டு நடந்துவிட்டாள். அம்பு மறுபடி வாசலைக் காட்டியது.

நான் திரும்பி வந்தேன், உட்கார்ந்தேன். அம்பு வாசலைக் காட்டுகிறது. நான் திருப்பினேனே. திருப்பினேனா? திருப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போய்விட்டேனா? மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. ஒரு பிழையைப் பார்த்து, திருத்த வேண்டும் என்று மனதில் நினைத்ததுமே திருத்திவிட்டதாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். சத்தியமாக மறந்துதான் விட்டிருக்கிறேன் என்று முடிவு செய்து, அம்பைக் கடிகாரப் பக்கம் தள்ளினேன். அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

அக்கா அரங்கத்தின் எதிர்ப்பக்கம் நடுக்கோட்டில் பந்தோடு நின்றாள். பந்தைக் கொடுக்க வேண்டிய அணியைப் பார்க்கத் தலையைத் தூக்கினாள். அவள் வாசல் பக்கம் வைத்துவிட்டுப் போன அம்பு கடிகாரப் பக்கம் காட்டுகிறது. பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அரங்கத்தைக் குறுக்கே கடந்து மேசைக்கு வந்தாள். பத்து ஆட்டக்காரர்களும் அவளையே பார்த்தார்கள்.

"திருப்பினியாடா?"

"திருப்பினேன்க்கா."

"எப்ப?"

"இப்பத்தான். ஆனா முன்னாடியும் திருப்பினேனோன்னு ஒரு சந்தேகம்."

அக்கா கண்ணை மூடினாள். பிறகு, உதடு அசையாமல், "நானும் திருப்பினேன்" என்றாள்.

நான் விரல்விட்டு எண்ணினேன். நான் உண்மையிலேயே இரண்டு முறை திருப்பியிருந்தால் அவளுடையதையும் சேர்த்து மூன்று. அம்பு சரியாக இருக்கிறது. நான் ஒரே முறைதான் திருப்பினேன் என்றால் மொத்தம் இரண்டு, அம்பு தவறு. முதல் பாதியில் அது எந்தப் பக்கம் காட்டியது என்று கேட்டால், இப்போது எனக்கு வாசல் என்றும் தோன்றியது, கடிகாரம் என்றும் தோன்றியது. கடிகாரக்காரர் தான் கடிகாரத்தை மட்டுமே பார்த்ததாகச் சொல்லிவிட்டார். வெள்ளை அணியின் பயிற்சியாளர் எங்கள் முறை என்றார். நீல அணியின் பயிற்சியாளர் அவரைவிடச் சத்தமாக எங்கள் முறை என்றார். மூன்றாவது வரிசையில் பென்சில் நின்றுவிட்டது.

நான் மேசைமேல் குனிந்து மெல்லச் சொன்னேன். அக்கா, ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டிவிடு, நடுவர் காட்டினால் அதுதான் தீர்ப்பு, ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது என்று. அதற்கு அவள், தெரியாததைத் தெரிந்த மாதிரி எப்படிக் காட்டுவது என்றாள். ஐந்து வருடமாக முள்ளாக இருந்ததை அங்கேயே பிடுங்கிப் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"அப்போ நான்தான் குழப்பிட்டேன்னு சொல்லிடு. என்னை வெளியே அனுப்பட்டும். நீ தொட்டதை மட்டும் சொல்லாதே. இது போச்சுன்னா உனக்கு வேற இல்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கற்றுக்கொள்கிறவர் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிக்கும்போது பார்க்கிற பார்வை.

"ஆனா நான் தொட்டேனேடா" என்றாள்.

அவ்வளவுதான். இரண்டு பயிற்சியாளர்களையும் மேசைக்குக் கூப்பிட்டாள். அம்பைத் தான் தொட்டதாகவும், தொட்டிருக்கக் கூடாது என்றும், இப்போது அது சரியா தவறா என்று மேசைக்கும் தெரியவில்லை, தனக்கும் தெரியவில்லை என்றும், பென்சில்காரருக்கும் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஓடு. மாமாகிட்ட என் பேன்ட் இருக்கு. பொத்தான் எந்தப் பையில இருந்துச்சுன்னு கேட்டுட்டு வா."

டை கட்டிய நிலையில், நாற்பத்தைந்து வயதில், நானூறு பேர் பார்க்க, பேன்ட்டைத் தேடி ஓடினேன். கார் நிறுத்துமிடத்தில் மாமா எங்கள் காரின் முன்மூடியில் பேன்ட்டை விரித்துப் போட்டு, மடிப்புக் கலையாமல் கையால் நீவிக்கொண்டிருந்தார். பொத்தான் எந்தப் பையில் இருந்தது மாமா என்று மூச்சிரைக்கக் கேட்டேன். அவர் பேன்ட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாயால் சொன்னால் யார் ஒத்துக்கொள்வார்கள், நேரில் பார்க்கட்டும் என்று சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். அவர் ஓடவில்லை. சலவைத் துணியோடு யாரும் ஓட மாட்டார்களாம், மடிப்புக் கெட்டுவிடுமாம்.

அரங்கத்தின் நடுவில், இரண்டு பயிற்சியாளர்களுக்கும் என் அக்காவுக்கும் முன்னால், மாமா அந்த ஈரப் பேன்ட்டை இடுப்புப் பட்டியில் பிடித்து உயர்த்திக் காட்டினார். கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. மாமா அசரவில்லை. இடது முன்பையை வெளியே இழுத்தார். அதன் உள்துணியில் ஊக்குக் குத்தி, அந்தக் கறுப்புப் பொத்தான். ஊக்கிலேயே சலவைக் கடையின் துணிச் சீட்டு ஒன்று. அதில் அழியாத மையில், அவருடைய குண்டுகுண்டான எழுத்தில்: இடது முன் பை, பொத்தான் ஒன்று, இடம் மாற்ற வேண்டாம்.

பொத்தானைத் தைத்ததற்காக வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, பையில் எதைக் கண்டாலும் அதை அதே இடத்தில் குத்தி, சீட்டு எழுதி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார் மனுஷன். எங்களிடம் சொல்லவே இல்லை. கேட்டால், "எந்தப் பைங்கிறதுதானே முக்கியம்" என்கிறார்.

பென்சில்காரர் இறங்கி வந்து சீட்டைப் படித்தார். என்னைக் காட்டி யார் என்று கேட்டார். தம்பி என்றாள் அக்கா. மாமாவைக் காட்டிக் கேட்டார். வீட்டுக்காரர் என்றாள். "இன்னும் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

இடது பை என்றால் வெள்ளை. அம்பு கடிகாரப் பக்கம் காட்டியது சரிதான். ஆக நான் முதலிலேயே திருப்பித்தான் இருந்தேன். யாருமே எதையும் சரிபார்க்காமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். வெள்ளைக்குப் பந்து கொடுக்கப்பட்டது. அவர்கள் எறிந்த முதல் பந்தே நேராக நீலத்தின் கைக்குப் போனது. கடைசியில் நீலம் பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அன்றைக்கு அந்தப் பந்தை அரங்கத்துக் காவலாளிக்குக் கொடுத்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

மூன்று வாரம் கழித்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. அவளால் பிரிக்க முடியவில்லை. மாமா பிரித்தார், நான் படித்தேன். ஏழு முறை படித்தேன். அம்பைத் தொட்டதற்கு மதிப்பெண் குறைத்திருந்தார்கள், ஆட்டம் ஒன்பது நிமிடம் நின்றதற்கும் குறைத்திருந்தார்கள். ஆனால் மறைக்க வழி இருந்தும் மறைக்கவில்லை என்பதற்கு ஒரு வரி தனியாக எழுதி, மேல்நிலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மாமா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கீழே ஒரு நிபந்தனையும் இருந்தது. இனி அவள் நடுவராக இருக்கும் எந்த ஆட்டத்திலும் நெருங்கிய உறவினர் மேசையில் உட்காரக் கூடாது. பேன்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வரியை மட்டும் நான் எட்டாவது முறையாகவும் படித்தேன். பிழை ஏதும் இல்லை.

அப்படியானால் வேண்டாம், கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றாள் அக்கா. இருபத்திரண்டு வருடமாக நான் இல்லாத மேசைக்கு முன்னால் அவள் விசில் ஊதியதில்லை. எனக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த மேசைதான். இருந்தாலும் ஐந்து வருடத்துக் கடனை அடைக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்காது. நீ போகாவிட்டால் நான் மாடியிலேயே சமைத்துச் சாப்பிட ஆரம்பிப்பேன் என்று மிரட்டினேன். என் சமையலை அறிந்தவள் என்பதால் ஒத்துக்கொண்டாள்.

அவளுடைய முதல் மேல்நிலை ஆட்டத்தை மாமா பக்கத்தில், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். மாமா மடியில் ஹேங்கர். மேசையில் எனக்குத் தெரியாத ஒரு பெண், கண்ணாடி போட்டவர், அமைதியானவர். இடைவேளையில் அம்பை ஒரு முறை திருப்பினார். என் கை என் முழங்காலின் மேல் தானாகத் திரும்பியது. அக்கா மேசையைக் கடந்து போனாள். போகும்போது அவள் கை அம்பு பக்கம் ஒரு சாண் நீண்டதை நானும் மாமாவும் பார்த்தோம். மாமா என் தொடையைப் பிடித்துக்கொண்டார். நீண்ட கை அப்படியே நின்றது, பிறகு பைக்குள் போனது. அவள் நடந்து போய்விட்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னை அங்கே இனி யாருக்கும் தேவையில்லை என்று வலிக்கவும் செய்தது. இரண்டும் சமமாகவே இருந்தன.

அன்று மதியம் வீட்டுக்கு வந்து சூப் வைத்தாள். அடுப்பைத் தாண்டி நான் இரண்டு முறை போனேன். உப்பு ஜாடி அங்கேயே இருந்தது. அவள் போட்டிருப்பாள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, கையைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். மாமா பழக்கத்தில் முதலில் வெந்நீரை ஊற்றிக் கலக்கி, ஒரு கரண்டி வாயில் வைத்தார். வைத்தவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நான் குடித்துப் பார்த்தேன். அக்காவும் குடித்தாள். ஒரு கல் உப்பு இல்லை.

"நீ போட்டிருப்பேன்னு விட்டுட்டேன்டா" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. உப்பு ஜாடி மேசையிலிருந்து நாலடி தூரம்தான். மூன்று பேரில் ஒருவரும் எழுந்து எடுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தோம். நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.